கூப்பிட்டால் இறங்குவேன்

ஆடி நான்காம் ஞாயிறு, பகல் பதினொன்றே கால். திண்டிவனத்தில் அன்புச்செல்வி வீட்டு வாசலில் கார் வந்து நின்றது.

அவளுக்கு இன்னொரு பெயர் தாரிகா. அவள் நடித்த முதல் டிவி தொடரின் தயாரிப்பாளர் வைத்தது. அன்புச்செல்வி என்றால் டீச்சர் பெயர் மாதிரி இருக்கிறது என்றார். கல்யாண மண்டபக் காட்சியில் கூட்டத்தில் ஒருத்தியாக நின்றுதான் ஆரம்பித்தாள். பிறகு கதாநாயகியின் தோழி. பிறகு கெட்ட நாத்தனார். நாத்தனாராக நடித்த காலத்தில் மார்க்கெட்டில் கருவாட்டுக்காரி அவளுக்குக் கருவாடு தர மறுத்தாள். இரண்டு வருடமாக அம்மன். இப்போது அதே கருவாட்டுக்காரி கையெடுத்துக் கும்பிடுகிறாள்.

அவள் குரல் மட்டும் ஒருநாளும் ஒளிபரப்பானதில்லை. தோழியாக நடித்தபோது ‘வேர்க்கடலை’ என்ற இடத்தில் ‘மல்லாட்டை’ என்று சொன்னாள். மூன்று தடவை எடுத்தார்கள். மூன்று தடவையும் மல்லாட்டைதான் வந்தது. அன்றிலிருந்து கேமராவுக்கு முன்னால் அவள் வாயசைப்பாள். ஒலிப்பதிவுக் கூடத்தில் கவிதா என்று ஒரு பெண் பேசுவாள்.

போன வாரம் மேனேஜர் ராஜ்குமார் போன் செய்தான். ஒரு கோயிலில் கூழ் ஊற்றும் விழா. அம்மனாக நடிப்பவளே வந்து முதல் கூழை ஊற்ற வேண்டும் என்கிறார்கள். கிளியனூர் பக்கத்து ஊர்.

“யாரு கூப்பிட்டது?”

“தர்மகர்த்தா. சக்கரபாணின்னு ஒருத்தர். உங்களை மெட்ராஸ் பொண்ணுன்னு நெனச்சிக்கினு இருக்காரு மேடம். தங்க ஏ.சி. ரூம் வேணுமான்னு கேட்டாரு.”

அவள் அந்த ஊர்க் காலனியில் பிறந்தவள். ஒன்பது வயதில் அப்பா இறந்தபின் திண்டிவனத்துக்கு வந்துவிட்டார்கள். அதுவரை அவள் அம்மா சவுரியம்மாள் சக்கரபாணியின் நிலத்தில் களை எடுத்தாள், மல்லாட்டை பிடுங்கினாள். சக்கரபாணி சவுரியம்மாளைவிட ஐந்து வயது இளையவர். அரைக்கால் சட்டை போட்ட நாளிலிருந்து அவளை ‘ஏ சவுரி’ என்றுதான் கூப்பிட்டார். அவள் அவரை எசமான் என்ற பொருளில் ‘ஆண்ட’ என்றாள்.

“நீயும் வர்றியா?” என்று அன்புச்செல்வி அம்மாவைக் கேட்டாள்.

“நா எதுக்குடி? மாதாவ கும்புடறவளுக்கு அங்க என்ன வேல?”

“நான் மட்டும் யாரக் கும்புடறேன்?”

“ஒனக்கு அது ட்யூட்டி.”

“சீரியல் அடுத்த மாசம் முடியுது. அதுக்கப்புறம் யாரும் கூப்புடமாட்டாங்க. வாம்மா.”

சவுரியம்மாள் சொன்னாள்: “வர்றேன். ஆனா கூப்புட்டாதான் எறங்குவேன். இல்லன்னா வண்டியிலயே குந்திக்கினு இருப்பேன்.”

“நான் கூப்புடறேன்.”

“நீ இல்ல. அவுரு. ஒன்ன எப்படி கூப்புடறாரோ அப்படி.”

இப்போது காரில் சவுரியம்மாள் செபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தாள். நல்ல சேலை. தலைக்குச் சாயம் அடித்திருந்தாள். ராஜ்குமார் வண்டி ஓட்டினான்.

ஊர் எல்லையில் வேப்பமரம் வந்ததும் சவுரியம்மாள், “இங்கியே நிறுத்துப்பா,” என்றாள். காலனிக்காரர்களை அந்த மரத்தடியில் நிறுத்தித்தான் கூழ் ஊற்றுவார்கள். மாதாவைக் கும்பிட்டாலும் மகளுக்காக அவள் அங்கே தூக்குச்சட்டியோடு நின்றிருக்கிறாள். கூழ் மேலிருந்து விழும். சட்டியில் பாதி, கையில் பாதி.

“கோயில் இன்னும் உள்ள இருக்கு ஆயா,” என்றான் ராஜ்குமார்.

“தெரியும். நிறுத்து.”

அன்புச்செல்வி அங்கேயே இறங்கினாள். மேளக்காரர்கள் ஓடிவந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் சக்கரபாணி வந்தார். முடி முழுக்க வெளுத்திருந்தது.

“வாங்கம்மா, வாங்க. ஆத்தாவே நேர்ல வந்த மாதிரி கீது.”

அவர் அவளை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. அவர் மனைவி வீரம்மாள் ஆரத்தி எடுத்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டுக் காலில் விழுந்தாள். அன்புச்செல்வி பின்வாங்கினாள்.

“விழாதீங்க, எழுந்திருங்க.”

“இருக்கட்டும்மா. மருமவ மூணு வருஷமா உண்டாகல. ஒரு வார்த்த சொல்லுங்க.”

“நல்லது நடக்கும்ங்க,” என்றாள். வேறு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

கோயில் முன்னால் பெரிய அண்டாவில் கேப்பைக் கூழ் இருந்தது. முதல் சொம்பு மொண்டு ஊற்றினாள். பெண்கள் குலவை இட்டார்கள். அவள் ஊற்றிய கூழை ஊரார் வரிசையில் நின்று வாங்கிக் குடித்தார்கள். சக்கரபாணியும் குடித்தார். ஒரு சொட்டு தாடையில் வழிந்தது. விரலால் வழித்து அதையும் நக்கினார்.

யாரோ மைக்கை நீட்டினார்கள். “சூலத்த தூக்கிக்கினு பேசுவீங்களே, அந்த டயலாக் ஒண்ணு சொல்லுங்க மேடம்.”

“எல்லாருக்கும் வணக்கம்ங்க,” என்றாள்.

அது டிவியில் கேட்ட குரல் இல்லை. பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: “டேய், வாய்ஸு டூப்புடா! ஆத்தாவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சா?”

சிரிப்பு. அவளும் சிரித்தாள்.

“டிவியில பேசறது நான் இல்லீங்க. கவிதான்னு ஒருத்தங்க. நான் பேசினா வேர்க்கடலைன்னு வரமாட்டேங்குது. மல்லாட்டைன்னுதான் வருது.”

இந்தமுறை சிரிப்பு அடங்க நேரமாயிற்று. வீரம்மாள் அருகில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப நம்ம பக்கத்துப் பொண்ணா நீ! எந்த ஊரும்மா? யாரு வூட்டுப் பொண்ணு?”

மைக் அவள் வாயருகில்தான் இருந்தது. அதை அணைத்துக் கீழே வைத்தாள்.

“எங்கம்மா கார்ல இருக்காங்க. அவங்க சொல்லுவாங்க. கூப்பிட்டா வருவாங்க.”

“அட, அம்மாவ வெயில்ல வுட்டுட்டா வந்தீங்க?” சக்கரபாணி பதறினார். “ஏய், முன்னால ஒரு சேர் போடுங்கடா. ஜல்தியா! நானே போய் இட்டாறேன்.”

அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வேகமாக நடந்தார். அன்புச்செல்வி பின்னால் போனாள். மேளமும் போனது. கோயிலுக்கு எதிரே முதல் வரிசையில் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு, ஒருவன் துண்டால் துடைத்தான்.

வேப்பமரத்தடியில் கார் நின்றது. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வெயிலில் கண்ணாடி மரத்தையும் சக்கரபாணியையும்தான் காட்டியது. உள்ளே இருப்பவர் தெரியவில்லை. அவர் மேல்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்தார்.

“அம்மா, வாங்கம்மா. எறங்கி வாங்க. ஊரே காத்துக்கினு கீது.”

கண்ணாடி மெதுவாக இறங்கியது.

சக்கரபாணி குனிந்தபடியே நின்றார். மேளக்காரர் ஒருவர் அடிப்பதை நிறுத்தினார். பிறகு மற்றவரும் நிறுத்தினார். சக்கரபாணியின் கை இடுப்புத் துண்டை அவிழ்க்கப் போய் முடிச்சிலேயே நின்றது. திரும்பி அன்புச்செல்வியைப் பார்த்தார். மறுபடி காருக்குள் பார்த்தார்.

சவுரியம்மாள் செபமாலையை மடியில் வைத்தாள். கதவைத் திறக்கவில்லை.

“இப்ப தெரிஞ்சிக்கினு இன்னொரு வாட்டி சொல்லுங்க.”