கதிரைப் பாட்டு

கிளறன்ஸ் மாஸ்டர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு சினிமாப் பாட்டு எழுதினார். அதுவும் ஒரே ஒரு சொல்லால் நாசமாய்ப் போனது.

நாற்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் கண்டியில் நாலைந்து பேர் சேர்ந்து எடுத்த தமிழ்ப் படம் அது. கதாநாயகி விடியற்காலையில் தேயிலை மலையேறி, சூரியனைப் பார்த்துப் பாட வேண்டும். மாஸ்டர் அப்போது பன்வில பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தார். இலக்கணத் திமிர் கொஞ்சம் கூடுதலாகவே இருந்த வயசு. ‘கதிரைத் தேடி வந்தேன்’ என்று பல்லவியை ஆரம்பித்தார். கதிர் என்பது சூரியக் கதிர். இரண்டாம் வேற்றுமை சேர்ந்தால் கதிரை. இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் இந்த நாட்டில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் கதிரை என்றால் நாற்காலி என்றுதான் சொல்லும். முதல் காட்சியில் அந்த வரி வந்ததும் பின்னாலிருந்து ஒருவன், “இங்க ஒண்ணு சும்மாத்தான் கெடக்கு, வா தங்கச்சி” என்று குரல் கொடுத்தான். கொட்டகையே உருண்டு சிரித்தது. மறுநாள் அந்த வரிக்காகவே வந்த கூட்டம் கதிரைகளைத் தட்டித் தாளம் போட்டது.

படம் எடுத்தவர் கூப்பிட்டுக் கேட்டபோது மாஸ்டரின் வாயில் பொய்தான் வந்தது. தான் எழுதியது ‘கதிரவனைத் தேடி’ என்றும், பாடிய பெண் மூச்சுப் போதாமல் நடுவிலே ‘வன’வை விழுங்கிவிட்டாள் என்றும் சொன்னார். அந்தப் பெண் டொரதி, மாதா கோவில் பாடகர் குழுவில் இருந்தவள், இருபது வயசு. இசைத்தட்டு வெளிவந்தபோது வேறொருத்தி ‘கதிரவனை’ முழுசாகப் பாடியிருந்தாள். அதன் பிறகு டொரதியைச் சினிமாவுக்கும் வானொலிக்கும் எவரும் கூப்பிடவில்லை. ‘கதிரை டொரதி’ என்ற பட்டம் மட்டும் அவளை விடவில்லை.

மாஸ்டர் இதை மறந்துவிட்டார் என்று சொல்ல முடியாது. நினைக்காமல் இருக்கப் பழகிவிட்டார், அவ்வளவுதான்.

இப்போது அக்குறணையிலிருந்து நுஸ்ஹா வந்து சேர்ந்தாள். இலங்கைப் படங்களின் பழைய பாட்டுகளைத் தேடிப் பிடித்துக் கணினியில் ஏற்றிக் காப்பாற்றும் ஒரு சின்னக் குழுவில் அவள் வேலை செய்தாள். அந்தப் பாட்டின் முதல் ஒலிநாடா, மூடிப்போன ஒலிப்பதிவுக் கூடத்துக்காரரின் வீட்டு அலுமாரியில் கிடைத்திருந்தது. இரண்டு மாதத்துக்கு முன் தொலைபேசியில் அவள் விவரம் கேட்டபோது, மாஸ்டர் பழக்க தோஷத்தில் அதே பழைய கதையைத்தான் சொன்னார். விழுங்கிய ‘வன’ உட்பட.

புதன்கிழமை அவள் அவரைத் தங்கள் குழுவின் அறைக்குக் கூப்பிட்டு அந்தப் பாட்டைக் கேட்க வைத்தாள். நாடாவின் பூச்சு உரிந்துகொண்டிருந்ததால் ஒரே ஒரு தடவைதான் ஓட்ட முடிந்தது என்றும், இனி கணினியில் ஏற்றிய இந்தப் பிரதி மட்டும்தான் என்றும் சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். பாட்டு வரவில்லை. பாட்டுக்கு முன்னால் பேச்சு வந்தது. ஒலிவாங்கி திறந்திருந்தது பாட்டுப் பதிந்த அன்றைக்கு ஒருவருக்கும் தெரியவில்லை.

“சேர், கதிரைன்னா சனங்க உக்கார்ற கதிரைன்னு நெனைச்சிருவாங்களே” என்றது ஓர் இளம் குரல்.

“தமிழ் தெரிஞ்சவனுக்கு விளங்கும். எழுதினபடியே பாடுங்க.”

அந்த இரண்டாவது குரலை மாஸ்டருக்கு நன்றாகவே தெரிந்தது.

நுஸ்ஹா அவர் முகத்தைப் பார்க்கவில்லை, திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். “வழமையா நாங்க பாட்ட மட்டும்தான் வெக்கிற சேர். உங்கட குரலும் இருக்கிறதால கேக்கிறன். பேச்ச வெட்டிருவமா?”

“வெட்டிருங்க” என்றார் மாஸ்டர். யோசிக்கவே இல்லை.

சனிக்கிழமை அவள் குழு ஒரு மண்டபத்தில் பழைய பாட்டுகளை எல்லோரும் கேட்கப் போடுகிறது. அங்கே இந்தப் பாட்டைப் போட்டதும், வெட்டிய துண்டை அழித்துவிடுவதாக அவள் சொன்னாள். டொரதியும் வருகிறாளாம்.

அன்றிலிருந்து மாஸ்டருக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை. வியாழக்கிழமை கண்டி வாவியை இரண்டு தரம் சுற்றினார். வெள்ளிக்கிழமை காலையிலேயே மார்க்கட்டுக்குப் போய், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் ஒரு கட்டு வெற்றிலை வாங்கினார். அவர் வெற்றிலை போடுகிறவரே இல்லை. நுஸ்ஹாவின் எண்ணை அழுத்துவார், மணியடிக்குமுன் நிறுத்துவார். கிழவனுக்கு இனி என்ன மானம் என்று ஒரு தரம் நினைப்பார். கிழவன் என்பதால்தான் அதை இனிமேல் சம்பாதிக்க முடியாது என்று மறு தரம் நினைப்பார். சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலுக்கும் குசினிக்கும் நடந்தார். பயமாக இருந்தது அவருக்கு, வெறும் பயம்.

சனிக்கிழமை மூன்று மணிக்கு மண்டபத்தில் அறுபது எழுபது பேர் இருந்தார்கள். வாசலில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். மூன்றாவது பாட்டுக்கு நேரே அச்சடித்திருந்தது: ‘பாடகியின் உச்சரிப்புப் பிழையால் பின்னர் மாற்றப்பட்ட பாடலின் முதல் பதிவு. தகவல்: பாடலாசிரியர்.’

மாஸ்டர் அதை நின்ற இடத்திலேயே மூன்று தரம் வாசித்தார். இதுநாள் வரை அது வாய்ப்பேச்சு. இனி அந்தப் பாட்டு இருக்கும்வரை இந்த வரியும் கூடவே இருக்கும்.

முன்வரிசையில் டொரதி இருந்தாள், தலை முழுக்க நரைத்து. பக்கத்தில் மகள் தினுஷா. டொரதி அந்தத் தாளை நாலாக மடித்து விசிறிக்கொண்டிருந்தாள். வாசித்துவிட்டாளா, இல்லையா? அந்த முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

முதல் பாட்டு போனது. இரண்டாவது போனது. மாஸ்டர் சுவரோரமாக நடந்து நுஸ்ஹாவின் மேசைக்கு வந்தார்.

“வெட்டினது இருக்கா?”

“இருக்கு சேர். இன்னும் அழிக்கல்ல.”

“அதோடயே போடுங்க.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அந்தத் துண்டை முன்னால் சேர்த்துப் போட்டாள்.

பேச்சு மண்டபம் முழுக்கக் கேட்டது. முதலில் அந்த இளம் குரலின் சந்தேகம், அப்புறம் அவருடைய திமிர். பின்வரிசையில் ஒருவர் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டார். பாட்டு ஆரம்பித்தது. இருபது வயது டொரதி ‘கதிரைத் தேடி வந்தேன்’ என்று எழுதினபடியே பாடினாள். மூச்சு எங்கேயும் குறையவில்லை. எவ்வளவு நல்ல குரல் என்று மாஸ்டருக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. அழுகை வந்தது. அழுவதற்குத் தனக்கு உரிமை இல்லை என்று அடக்கிக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. ஒருவரும் கைதட்டவில்லை, எல்லோரும் டொரதியைப் பார்த்தார்கள். அவள் மாஸ்டர் பக்கம் திரும்பவே இல்லை. விசிறிய தாளை விரித்து, மடியில் வைத்துத் தடவிவிட்டாள்.

“பிள்ளை, பாட்டு வேணாம்” என்றாள் நுஸ்ஹாவிடம். “அந்தப் பேச்ச மட்டும் இன்னொருக்கா போடுங்க.”

பிறகு தினுஷாவின் கையைப் பிடித்தாள்.

“நான் எத்தன தரம் சொல்லியிருப்பேன். இப்பக் கேளு.”