ஏழு உதை

ஈரத் துணியால் யோகேஸ்வரி அப்பாவின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நான்காவது உதை விழுந்தது. காளியப்பனின் உடம்பு கட்டிலிலிருந்து துள்ளி எழும்பி விழுந்தது. "அம்மா!" என்று அலறினார். எழுபத்து மூன்று வயதில், ஒருவருக்கும் அஞ்சாத மனுஷன், எப்போதோ செத்துப்போன தாயைக் கூப்பிட்டார். யோகேஸ்வரி கீழே விழுந்த துணியை எடுக்கக் குனிந்தாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இது நான்காவது.

உதைத்தது ஆளில்லை. அவருடைய இடது தோளுக்குக் கீழே, தோலுக்கடியில் தீப்பெட்டியாய்ப் புடைத்துக்கொண்டிருந்த கருவி. நாலு வருஷத்துக்கு முன் நின்றுபோன இதயத்தை ஆஸ்பத்திரியில் மறுபடி ஓட வைத்தபோது வைத்துத் தைத்தது. துடிப்பு தாறுமாறானால் மின்சாரம் பாய்ச்சி வழிக்குக் கொண்டுவரும்.

தம்போயில் கடை வைத்து முப்பது வருஷம் தண்ணீர் பம்பு பழுதுபார்த்தவருக்கு டாக்டர் அன்று சொன்னது சட்டென்று விளங்கியது. உடம்பெல்லாம் சுற்றி வந்த ரத்தத்தை இதயத்தின் வலது பக்கம் வாங்கி நுரையீரலுக்குத் தள்ளும். அங்கே காற்றை ஏற்றிக்கொண்டு வருகிற ரத்தத்தை இடது பக்கம் உடம்புக்குத் தள்ளும். போனது திரும்பாமலிருக்க நடுவே வால்வுகள். "அப்ப ரெண்டு பம்பு, ஒரே மோட்டாரு," என்றார் காளியப்பன். இடது பக்கச் சுவர் தொய்ந்துவிட்டது, உள்ளே நிரம்புவதில் பாதிக்கு மேல் வெளியே போக வேண்டும், இவருக்கு ஐந்தில் ஒரு பங்குகூடப் போகவில்லை என்று டாக்டர் சொன்னதும் சிரித்தார். "நம்ம கடைக்கு வந்திருந்தா பழைய இரும்புக்காரன்கிட்ட தூக்கிக் குடுத்திருப்பேன்."

இப்போது சிரிப்பெல்லாம் போய்விட்டது. முன்னால் தள்ள முடியாதது பின்னால் தேங்கி, காலில் நீராக வீங்கி, நெஞ்சில் களகளவென்று கொதித்தது. இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று போன வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். கருவியின் உதையை அணைத்துவிடலாமா என்று டாக்டர் கேட்டதற்கு, சிங்கப்பூரிலிருந்து தம்பி யுகேந்திரன் போனிலேயே தீர்ப்புச் சொன்னான்: "அணைச்சா நாமளே கொன்ன மாதிரி. வேணாம்." உதையை வாங்கப்போவது அவனில்லையே.

யோகேஸ்வரி கருவிக்காரர் கமலநாதனுக்குப் போன் போட்டாள். இதய கிளினிக்கில் இந்தக் கருவிகளைப் பார்த்துக்கொள்கிறவர்.

"ஜாம்ல மாட்டிக்கிட்டேன்மா, நாலு மணி ஆயிடும். வீட்டுல காந்தம் இருக்கா? பழைய ஸ்பீக்கர்ல இருக்குமே, வட்டமா, கனமா. அதை அந்தப் புடைப்பு மேல வச்சு டேப் போட்டு ஒட்டிடுங்க. உதை நின்னுடும்."

"இதயம் நின்னுடாதா?"

"அது பாட்டுக்கு ஓடும்மா. உதை மட்டும்தான் நிக்கும். சீக்கிரம் வைங்க, பாவம்லா."

காந்தம் கட்டிலுக்கு மேலேயே இருந்தது. ஜன்னல் கம்பியில் அப்பா மருந்துச் சீட்டுகளை மாட்டி வைக்க ஒட்டியிருந்தார். அவள் அதைப் பிடுங்கி எடுத்தாள்.

"வைக்காதடி!" அம்மா செல்லம் குறுக்கே வந்தாள். "தம்பி உட்லண்ட்ஸ் எல்லைக்கு வந்துட்டான். அவன் மொகத்தப் பாக்காம இந்த மனுஷன் போகக்கூடாது."

"ம்மா, இது உயிர நிறுத்தாது. அப்பா துடிக்கிறது ஒங்க கண்ணுல படலியா?"

"துடிச்சாலும் இருக்காருல்ல!" என்றாள் அம்மா. கைப்பேசி அடித்தது. யுகேந்திரன்தான். சிக்னல் கிடைக்காமல், "தம்பி, தம்பி" என்றபடி வாசலுக்குப் போனாள்.

அறையில் இருவர் மட்டும். இரண்டடி எடுத்து வைத்தால் போதும். யோகேஸ்வரி அந்த இரண்டடியையும் வைத்தாள். காந்தத்தை அவர் நெஞ்சுக்கு நேரே கொண்டுபோனபோது ஐந்தாவது உதை விழுந்தது. காளியப்பன் கண்ணைத் திறந்து மகளைப் பார்த்தார். அவள் கையில் கறுப்பாக என்னவோ இருப்பதைப் பார்த்தார்.

"அடிக்காத," என்றார். "அடிக்காத புள்ள."

அவள் கை அந்தரத்திலேயே நின்றது.

பதினோரு வயதில், தண்ணீர் ஊற்றாமல் பம்பை ஓடவிட்டு மோட்டாரைக் கருக்கிவிட்டாள். கடையில் தொங்கிய ரப்பர் பெல்ட்டை அப்பா உருவினார். அன்றைக்கு மட்டுமா, அதற்குப் பிறகு அந்தப் பெல்ட்டுக்குக் காரணமே தேவைப்படவில்லை. தம்பி மீது ஒரு நாளும் பட்டதில்லை. கோபத்தில் அவருக்குக் காது அடைத்துவிடும், நாம் கத்துவது கேட்காது என்று அவளாகவே ஒரு சமாதானம் செய்துகொண்டாள். அதை வைத்துக்கொண்டுதான் இத்தனை வருஷம் அவருக்குச் சோறு போட்டாள், மலம் அள்ளினாள்.

"நான் அடிக்கலப்பா," என்றாள். "ஒங்க நெஞ்சுல இருக்கிற மெஷின்."

"அடிக்காத..."

"நானும் இப்படித்தான சொன்னேன்? 'அடிக்காதீங்கப்பா, அடிக்காதீங்கப்பா'ன்னு. ஞாபகம் இருக்கா?"

அவர் மூச்சுக்கு அலைந்தார். உதடு நீலமாக இருந்தது. காந்தம் அவர் சட்டைக்கு ஒரு சாண் மேலே இருந்தது. ஆறாவது உதை அவரைத் தூக்கிப் போட்டது. அவர் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போனது. அவளுக்குப் பாவமாக இருந்தது. பாவமாக இருந்தும் கை இறங்கவில்லை. தெரிந்துகொள்ளாமல் இவரை அனுப்பக் கூடாது என்று வெறியாக இருந்தது.

"சொல்லுங்கப்பா. நான் கத்துனது ஒங்களுக்குக் கேட்டுச்சா?"

காளியப்பன் அவளையே பார்த்தார். புத்தி தெளிவாக இருப்பது கண்ணில் தெரிந்தது.

"கேட்டுச்சு," என்றார்.

யோகேஸ்வரி காந்தத்தைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று நிமிஷம் இருக்கும். அவர் கை போர்வையைப் பற்றிப் பற்றி விட்டது. வாசலில் அம்மா, கஸ்டம்ஸில் எந்த வரிசையில் நிற்க வேண்டுமென்று தம்பிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஏழாவது உதை விழுந்தது. கட்டில் சுவரில் இடித்தது. அதன் பிறகுதான் அவள் எழுந்து காந்தத்தைப் புடைப்பின் மேல் வைத்து, மூன்று பட்டை டேப் ஒட்டினாள்.

மூன்று மணிக்குக் கொஞ்சம் பிந்தி, எந்த உதையும் இல்லாமல், அவர் போய்விட்டார்.

யுகேந்திரன் அரை மணி நேரம் கழித்து வந்து சேர்ந்தான். அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு அழுதான். எழுந்து முகம் கழுவிக்கொண்டு, அக்கா காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே என்று அவனே அடுப்படிக்குப் போய் மைலோ கலக்கினான்.

கமலநாதன் நாலு மணிக்கு வந்தார். உடம்பைக் குளிப்பாட்டுகிறவர்களுக்கு ஷாக் அடிக்காமலிருக்க கருவியை முழுசாக அணைக்க வேண்டும் என்றார். காந்தத்தை எடுத்துவிட்டு, மடிக்கணினியின் ஒயர் முனையை அப்பாவின் நெஞ்சில் வைத்தார். திரையில் வரிசையாக எண்கள் வந்தன.

"அலமாக்! ஏழு தடவ உதைச்சிருக்கு," என்றார் அதிர்ந்து. பிறகு தன் கைப்பேசியைப் பார்த்தார். "நான் ஒங்ககூட பேசி வச்சது ரெண்டு பத்து. அதுக்கப்புறமும் மூணு இருக்கே. ரெண்டு பதிமூணு, பதினெட்டு, இருபத்தொண்ணு. காந்தம் கெடைக்கலியாம்மா?"

யுகேந்திரன் மைலோ கோப்பையோடு வாசற்படியில் நின்றான்.

"தேடிக்கிட்டுதாங்க இருந்தோம்," என்றாள் அம்மா அவசரமாக. "அவசரத்துக்கு எது கைக்குக் கெடைக்குது?"

"ஆமாம்மா, அந்த நேரத்துல அப்படித்தான்." கமலநாதன் தலையாட்டினார்.

"இல்ல," என்றாள் யோகேஸ்வரி. "கையிலதான் இருந்துச்சு."

கமலநாதன் ஒரு பொத்தானை அழுத்தினார். திரை வெறுமையானது. யுகேந்திரன் கோப்பையை அக்காவிடம் நீட்டவில்லை. அப்பாவின் மருந்துப் புட்டிகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் பண்ணி, அங்கே வைத்தான்.