பிழைத்துக்கொண்ட சுண்டெலிகள்

என் மனைவி ஜலஜாவுக்கு உத்தியோகம், சுண்டெலிகளுக்கு நோய் வரவழைப்பது. மந்தைவெளியில் எங்கள் தெருக்காரர்கள் இதைக் கேட்டால், "பொழுது போகலையா அவளுக்கு?" என்று சிரிப்பார்கள். சிரிக்கட்டும். காற்றில் மிதக்கும் பூஞ்சை வித்துகள் பலவீனமான நோயாளிகளின் நுரையீரலில் முளைத்து ஆளையே கொன்றுவிடும். உடம்பு அதை எதிர்த்து எப்படிச் சண்டை போடுகிறது என்று அடையாற்றில் ஓர் ஆய்வுக்கூடத்தில், டாக்டர் பட்டத்துக்காக, அவள் வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வங்கியில் காசோலைகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். யாருக்குப் பொழுது போகவில்லை என்று நீங்களே சொல்லுங்கள்.

தொண்ணூற்றாறு ஐப்பசி மழையில் வம்பு வந்தது. எலிக் கூண்டுகளில் உமி பரப்புவது வழக்கம். மழையால் புது உமி வரவில்லை. கையிருப்பில் இருந்த கடைசி மூட்டை ஒழுகலில் நனைந்துவிட்டது. ஜலஜா அதை ஆட்டோவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, வெயில் எட்டிப்பார்த்ததும் மொட்டை மாடியில் வடாம் காயவைப்பதுபோலப் பரப்பினாள்.

"நல்ல வெயில் ஒண்ணு பட்டாப் போறும், எல்லாம் சரியாயிடும்" என்றாள். பூஞ்சையைப் படிக்கிறவளே சொல்லும்போது நான் எதற்கு வாயைத் திறக்க வேண்டும்? அந்த உமி ஒரு கூண்டுக்குப் போனது.

சில வாரம் கழித்து எல்லா எலிகளுக்கும் மூக்கு வழியாகப் பூஞ்சை வித்துகளைக் கொடுத்தாள். மற்ற கூண்டுகளில் எலிகள் செத்து விழுந்தன. இந்த ஒரு கூண்டில் ஒன்றுகூடச் சாகவில்லை.

அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் ஸ்ரீரங்கன் ஆடிப்போய்விட்டார். "அந்தக் கூண்டைக் கணக்குலேர்ந்து எடுத்துடும்மா. இல்லேன்னா மொத்தப் பரிசோதனையையும் சந்தேகப்படுவா. பட்டமே கைவிட்டுப் போயிடும்" என்றார். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"அவர் சொல்றபடி செய்துட்டுப் போயேன்" என்று நானும் சொன்னேன். அவள் பார்த்த பார்வையில் காபியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் மிச்ச உமியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். மொறுமொறுவென்று காய்ந்த உமியில் அதே பூஞ்சையின் வித்துகள்! வெயிலில் ஈரம்தான் போயிருந்தது. எலிகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுவாசித்து, பெரிய தாக்குதல் வருமுன்பே எதிரியைச் சமாளிக்கப் பழகிக்கொண்டுவிட்டன.

சந்தேகம் தீர, சுத்தமான உமியில் புது எலிகளை வைத்து, முதலில் சிறிதளவு வித்து, பிறகு நிறைய என்று மறுபடி செய்து பார்த்தாள். அவையும் பிழைத்தன. அவற்றின் நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில், நோயோடு சண்டை போடும் வெள்ளையணுக்கள் திரண்டு நின்றன. ஆய்வேட்டில், நனைந்த உமியைப் போட்டது தன் தவறு என்று ஒளிக்காமல் எழுதினாள். ஸ்ரீரங்கன் தலையில் கைவைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்றார்கள். லீவு போட்டுவிட்டுக் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மதுரையிலிருந்து வந்திருந்த தேர்வாளர் சரோஜாதேவி நேராக அந்தப் பக்கத்தைத்தான் திருப்பினார்.

"இந்தக் கூண்டை நீங்க விட்டிருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே. ஏன் விடலை?"

அதுவரை மளமளவென்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த ஜலஜா தமிழுக்கு மாறிவிட்டாள். கோபம் வந்தால் அவளுக்கு அப்படித்தான்.

"அதுகள் உயிரோட இருந்துது மேடம். என் கண் முன்னாடி தின்னுண்டு, ஓடிண்டு இருந்துது. இருக்கறதை எப்படி மேடம் இல்லேன்னு எழுதறது?"

சரோஜாதேவி ஏட்டை மூடி வைத்துவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நெஞ்சு கொள்ளவில்லை. இவள் என் பெண்டாட்டி என்று அடையாறு முழுக்கக் கேட்கும்படி கத்த வேண்டும்போல இருந்தது.

முடிவு அறிவிக்குமுன் கைதட்டக் கூடாதாம். எனக்கு யார் சொன்னார்கள்? தட்டினேன். கூடம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது, ஜலஜா முறைத்தாள். நான் நிறுத்துவதற்குள் முன்வரிசையில் இன்னொருவர் தட்ட ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். ஸ்ரீரங்கன் எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார்.