எடை ரூம் கம்ப்யூட்டர்

இன்னும் கொஞ்சம் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. நம் மரக்காணம் உப்பளத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கேட்கவே அருவருப்பான கதை. உங்கள் மேல் ஆசை இருப்பதால்தான் மறைக்காமல் சொல்கிறேன்.

உப்புக்காற்று இரும்பையே தின்கிறது, கம்ப்யூட்டரை விடுமா? உப்பளத்துப் பெண்களுக்கு வைத்தியம் பார்க்க நர்ஸ் ரேணுகா முதலில் கொண்டுவந்த கம்ப்யூட்டர் துருப்பிடித்துச் செத்தது. அடுத்ததை, கண்ணாடிக் கதவு போட்ட ஒரே அறையான எடை ரூமில் வைத்தாள். அங்கே மூட்டை எடைபோடுகிற மணிவண்ணனுக்கும் ரசீது அடிக்க அதில் ஒரு லாகின் கொடுத்தார்கள். அதில் ரசீது மட்டும்தான் வரும். பெண்களின் புண், கட்டி இவற்றின் படங்கள் ரேணுகாவின் பாஸ்வேர்டுக்குள் இருந்தன. புதுச்சேரி டாக்டருக்கு அவை விபிஎன் என்ற மூடிய வழியில் போயின. யாரும் பார்க்க முடியாது என்று சொல்லித்தான் அதைப் போட்டார்கள்.

அஞ்சம்மாளுக்குத் தொடை இடுக்கில் புண். உப்புத்தண்ணீரில் நின்று நின்று வந்தது. புருஷனிடம்கூடச் சொல்லாதவள், ரேணுகாவின் கையைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கச் சம்மதித்தாள். மருந்து வந்தது, புண்ணும் வாடத் தொடங்கியது.

ஒருநாள் அவள் எடை ரூம் பக்கம் கூடையோடு போகும்போது மணிவண்ணன் இளித்தான்.

"இன்னாக்கா, அகட்டி அகட்டி நடக்கற? அந்த எடத்துப் புண்ணு இன்னும் ஆறலியா?"

லோடு ஏற்றுகிற ஆண்கள் சிரித்தார்கள். அஞ்சம்மாள் நேராக ரேணுகாவிடம் போய் மருந்தை அவள் காலடியில் வீசினாள்.

"உன்னாண்ட மட்டுந்தான காட்டனேன்? ஊருக்கே சொல்லிட்டியே! இனிமே செத்தாலும் காட்ட மாட்டேன்."

அதற்குப் பிறகு வேறு பெண்களும் வரவில்லை.

ரேணுகா, கோட்டக்குப்பத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஃபாரிஸை வரவழைத்தாள். அவன் வெகுநேரம் நோண்டினான்.

"உங்க பாஸ்வேர்ட எவனும் திருடலக்கா. விபிஎன் கூட டிரைவர்னு ஒரு குட்டி புரோகிராம் வரும். அது கம்ப்யூட்டரோட அடி உள்ள, கர்னல்ல குந்தினு இருக்கும். அதுக்கு எல்லா அதிகாரமும் உண்டு. ஒரு வேல சொன்னா, 'நீ யாரு, உனுக்கு உரிம இருக்குதா'ன்னு கேக்கணும். இது கேக்காது, செஞ்சி குடுத்துடும். எவனோ நெட்ல போட்ட புரோகிராம ஓட்டி இந்த மணிவண்ணன் அட்மின், அதான் கம்ப்யூட்டருக்கே எசமான் ஆயிட்டான். அப்புறம் எல்லாரு ஃபைலும் அவன் கையில."

"அந்த டிரைவர் செஞ்ச கம்பெனிக்காரனுக்குத் தெரியாதா?"

"போன வருசமே இந்த ஓட்டையப் பத்தி அவனுங்களுக்கு ஒருத்தர் எழுதி இருக்காரு. அவனுங்க பதில பாருங்க."

ஏற்கெனவே ஒரு கம்ப்யூட்டரில் லாகின் உள்ளவர் மட்டுமே இதைச் செய்ய முடியும், ஆகவே ஆபத்து குறைவு என்று அதில் இருந்தது.

"தூ! உள்ள இருக்கறவன் பாத்தா கொறவாமா? அவனுங்க வூட்டுப் பொம்பளங்க படமா இருந்தா?" என்றாள் ரேணுகா. எனக்கும் அப்படித்தான் துப்பத் தோன்றுகிறது. மணிவண்ணன் ஒரு அழுக்கு என்றால், ஏசி அறையில் உட்கார்ந்து அப்படி எழுதினவர்கள் இன்னொரு அழுக்கு.

உப்பள முதலாளி சடையப்பனோ, "வுடும்மா, கல்யாணம் ஆகாத பையன், வெளாட்டுக்குப் பாத்துட்டான்" என்றார். நாற்பது வயதுப் பையன்!

ரேணுகா போலீசில் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு, அஞ்சம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை.

"நான் சொல்லலக்கா. அவன் திருட்டுத்தனமா பாத்துட்டான். ஆனா கம்ப்யூட்டர் பொட்டிய அவன் ரூம்ல வெச்சது நாந்தான். திட்டணும்னா திட்டு. புண்ண மட்டும் வுட்றாத."

அஞ்சம்மாள் கதவைத் திறந்தாள்.

"படம் கிடம் வேணாம். உன் கண்ணால பாரு."

புண் சீழ் கட்டியிருந்தது. ரேணுகா அன்றைக்கே அவளைப் பஸ்ஸில் புதுச்சேரிக்கு அழைத்துப் போனாள். மணிவண்ணன் இருக்கும்வரை கூடை தூக்க மாட்டோம் என்று கூட வேலை செய்கிற சின்னப்பாப்பாவும் மற்ற பெண்களும் பாத்தி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். சடையப்பனுக்கு அவனைத் துரத்துவதைத் தவிர வழியில்லை. அஞ்சம்மாளின் புண் ஆறிவிட்டது. ஆனால் கம்பெனிக்காரர்கள் ஓட்டையை அடைக்காமலே அந்த டிரைவரை இன்னும் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

உங்கள் வீட்டில் அடுப்பு அணையாமல் இருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டுப் பெண்கள் வலியை வாய்விட்டுச் சொல்லவும், சொன்னது சொன்ன இடத்திலேயே இருக்கவும் வேண்டும். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நல்லா இருங்கள்.