நானூற்றுப் பதினேழாவது வரி

1

இந்தக் கதை ராபர்ட்சன்பேட்டை ஜெராக்ஸ் கடை ஒன்றில் எனக்குக் கிடைத்தது. வாணி, ஆபீசுக்குக் கொடுக்க வேண்டிய விளக்கக் கடிதத்தை நகலெடுக்க வந்திருந்தாள். கரண்ட் போய்விட்டது. வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள்.

"எழுதிக்கங்க. ஆனா என்னெ நல்லவளா எழுதாதீங்க" என்றாள்.

முதலில் எழுதிய தொடக்கம்: "ஒரே நொடியில் ஆயிரம் பேர் ஒரு கதவைத் தட்டினால்..." (வேண்டாம். அலங்காரம்.)

இரண்டாவது: "ஊரிகம் ஸ்டேஷனில் பனி இன்னும்..." (பனியை எத்தனை முறைதான் எழுதுவது. எனக்கே அலுப்பாக இருக்கிறது.)

நேராகவே சொல்கிறேன்.

2

வாணிக்கு முப்பத்தாறு வயது. தங்கச் சுரங்கம் மூடிப்போன ஊரிகத்தில் வீடு, பெங்களூர் ஒயிட்ஃபீல்டில் வேலை. போக வர தினமும் ஐந்து மணி நேரம் ரயில். ஒரு வெப்சைட் எத்தனை பேரைத் தாங்கும் என்று பார்ப்பதுதான் அவள் தொழில். பொய் ஆட்களைக் கம்ப்யூட்டரே உருவாக்கி, கூட்டமாக உள்ளே அனுப்பும். லோடு டெஸ்ட் என்பார்கள்.

அந்த மாதம் பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் முன்பதிவு வெப்சைட். முதலில் ஒரே பேரை ஆயிரம் தடவை அனுப்பினாள். 'ஏற்கெனவே பதிவு செய்துவிட்டீர்கள்' என்று அது எல்லாவற்றையும் தள்ளிவிட்டது. டீம் லீட் கிரண் சொன்னான்: "ஒரு ஃபைல்ல ஆயிரம் வரி போடுங்க. வரிக்கு ஒரு பேரு, ஒரு போன் நம்பர், ஒரு வயசு. ஒவ்வொரு ஆளும் ஒரு வரி எடுத்துக்கட்டும்."

ஆயிரம் பேரைக் கற்பனை செய்வது லேசில்லை. (எனக்குத் தெரியும். ஐந்து பேருக்கே திணறுகிறேன்.) நூற்றிருபதாவது வரியில் வாணிக்குக் கை ஓய்ந்தது. போன வருஷம் ஊரில் ஐடா அக்கா என்ற நர்ஸ் நடத்திய நுரையீரல் முகாமுக்கு அவள்தான் பட்டியல் டைப் அடித்துக் கொடுத்தாள். சுரங்கத்தில் வேலை செய்தவர்கள், பாறைத் தூசி நெஞ்சில் தங்கியவர்கள். அந்தப் பட்டியல் லேப்டாப்பிலேயே இருந்தது. எடுத்து ஒட்டினாள். போன் நம்பர்களை மட்டும் மாற்றிவிட வேண்டும், நாளைக்கு மாற்றலாம் என்று நினைத்தாள்.

நாளைக்கு மாற்றவில்லை. "பதிவானா போற எஸ்.எம்.எஸ். ஆஃப்ல இருக்கு" என்று கிரண் சொல்லியிருந்தான்.

ஆஃபில் இல்லை. யாரோ கவனித்து நிறுத்துவதற்குள் நாற்பத்து மூன்று செய்திகள் போய்விட்டன. அதை வாணியிடம் யாரும் சொல்லவில்லை.

3

வியாழக்கிழமை காலை ரயிலில், கோரமண்டல் ஸ்டேஷனில் ஒரு தம்பதி ஏறி எதிரே உட்கார்ந்தார்கள். பாலகாட் சுரங்கக் குடியிருப்புப் பாப்பம்மா, அவள் கணவர் ராஜமாணிக்கம். அவர் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினார். வாணி பிஸ்கட்டை நீட்டினாள்.

"வேணாம்மா. வெறும் வயித்துல வரணும். டாக்டரு டைம் குடுத்துக்கீறாரு" என்றாள் பாப்பம்மா. "நாலு மாசமா கேட்டுனு இருந்தோம். திடீர்னு மெசேஜு வந்திச்சி. இன்னா போட்டுக்கீதுன்னு கொஞ்சம் படிச்சிச் சொல்லு."

வாணி போனை வாங்கிப் படித்தாள். வியாழன், 10.40. டோக்கன் எண் 417. ஃபைலில் வரி எண்ணையே டோக்கனாக வைத்தவள் அவள்தான்.

கதவோரம் போய்க் கிரணைக் கூப்பிட்டாள்.

"ஏனூ ஹேள்பேடா வாணி" என்றான். ஒன்றும் சொல்லாதே. "ஆஸ்பத்திரியே பாத்துக்கும். நீங்க வாயத் தொறந்தா நம்ம ரெண்டு பேருக்கும் வேல போயிடும்."

(கிரணை வில்லனாக்கி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். வாணி படித்துவிட்டு, "அவனும் மூணு நாளா தூங்காம இருந்தான்" என்றாள். அந்தப் பக்கம் இப்போது இல்லை.)

பங்காரப்பேட்டை வந்தது. இறங்கித் திரும்பிப் போக அவர்களுக்கு வசதியான ஸ்டேஷன். வாணி வாய் திறக்கவில்லை. ரயில் கிளம்பிற்று. அடுத்த அரை மணி நேரத்தைப் பற்றி நான் கேட்டபோது, "சும்மா உக்காந்திருந்தேன்" என்று மட்டும்தான் சொன்னாள்.

மாலூர் தாண்டியதும் அவர்களிடம் உண்மையைச் சொன்னாள்.

பாப்பம்மாவுக்கு லோடு டெஸ்ட் புரியவில்லை. ஒன்று மட்டும் கேட்டாள்: "பொய் ஆளுங்க லிஸ்ட்ல எங்க பேரு எப்டி வந்திச்சி?"

"நாந்தாங்க போட்டேன்."

"எங்களக் கேக்காமயா?"

"ஆமாங்க."

ராஜமாணிக்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒயிட்ஃபீல்டு நெருங்கும்போது, "வந்தது வந்துட்டோம். போயே பாக்கலாம்" என்றார்.

4

ஒயிட்ஃபீல்டில் வாணி இறங்கவில்லை. கன்டோன்மென்ட் ஸ்டேஷன் வரை போய், அவர்களோடு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். கவுன்டரில் இருந்த மமதா, அப்படி ஒரு டோக்கனே இல்லை என்றாள். வாணி அடையாள அட்டையை எடுத்து வைத்து, நடந்ததை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். பிறகு, செய்தி போனவர்களின் பட்டியலை மமதாவிடம் வாங்கி, நடைபாதையில் தரையில் உட்கார்ந்து மற்ற நாற்பத்திரண்டு பேருக்கும் போன் போட்டாள். சிலர் திட்டினார்கள். பர்னபாஸ் என்பவர் அதற்குள் வாசலிலேயே வந்து நின்றிருந்தார். அவரைப் போல இன்னும் ஐந்து பேர்.

அன்று இரண்டு பேரைத்தான் டாக்டர் பார்த்தார். அதில் ராஜமாணிக்கம் இல்லை. தேதி முடிவானதும் செய்தி வரும் என்றாள் மமதா. மூன்று மணிக்கு ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ரயில் ஏறினார்கள்.

(இங்கே பாப்பம்மா வாணியின் கையைப் பிடித்துக்கொள்வதாக எழுதினேன். அவள் கையைத் தொடவே இல்லையாம். அடித்துவிட்டேன்.)

5

கடிதம் கொடுத்த வாரமே வாணிக்கு வேலை போயிற்று. கதையை அங்கே முடித்து வைத்திருந்தேன். நேற்று அவள் போன் செய்தாள். காலையில் பாப்பம்மா பேசினாளாம்.

"ஏம்மா, ஆஸ்பத்திரிலேர்ந்து மெசேஜு வந்துக்கீது. திங்கக்கெழம வரச்சொல்லி. இது நெசமா, இல்ல நீ அனுப்பினதா?"

வாணி ஆஸ்பத்திரிக்கே போன் போட்டு மமதாவிடம் விசாரித்துவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள். "நெசந்தாங்க. போங்க."

"நெசம்னு நீ சொல்றியே. அத நான் எப்டி நம்பறது?"

நீங்கள் எழுதுகிறவர்தானே, அவளுக்கு என்ன சொல்வது என்று வாணி என்னிடம் கேட்டாள். அவர்கள் ரயில் ஏறுவதாக ஒரு பத்தி எழுதினேன். ஏறாததாக ஒன்று எழுதினேன். இரண்டையும் நானே நம்பவில்லை.

இன்று சனிக்கிழமை. பாப்பம்மாவின் நம்பர் வாணியிடம் இருக்கிறது. பாப்பம்மாவைக் கேட்காமல் அதை உங்களுக்குத் தர மாட்டேன். ஆனால் நீங்கள் வாணியாக இருந்தால், இப்போது கூப்பிட்டு என்ன சொல்வீர்கள்? அதை நீங்களே எழுதிவிடுங்கள்.