கொட்டாவி குஞ்சிதபாதம் கேட்ட மன்னிப்பு

நாற்பத்தெட்டு வருஷம் கொட்டாவி விட்டே சோறு சாப்பிட்டவர் குஞ்சிதபாதம். கதாநாயகன் வீர வசனம் பேசும்போது பின்னால் நின்று வாயைப் பிளப்பார், தியேட்டர் சிரிப்பில் அதிரும். முந்நூற்றுச் சொச்சம் படங்கள். போஸ்டரில் மட்டும் ஒரு தடவைகூட முகம் முழுசாக வந்ததில்லை. எவனாவது ஒரு நாயகனின் தோள் மறைத்துவிடும்.

எழுபத்திரண்டாவது வயதில் வடபழனி மண்டபம் ஒன்றில் அவருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். தலைமை தாங்க 'எழுச்சி நாயகன்' ருத்ரேஷ் வந்தான், இரண்டரை மணி நேரம் தாமதமாக. வந்தவன் முக்கால் மணி நேரம் பேசினான். தான் பட்ட கஷ்டம், தான் குறைத்த எடை, தான் அடுத்து நடிக்கப்போகும் படம். நடுவில் "ஐயாவும் இருக்காங்க" என்றான், அவ்வளவுதான். அங்கேதான் குஞ்சிதபாதத்துக்கு நிஜமாகவே ஒரு கொட்டாவி வந்தது. சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு மூணு மணி நேரம் சால்வைக்குள் வெந்தவருக்கு வராமல் என்ன செய்யும்?

விடிவதற்குள் அந்தக் கொட்டாவி வீடியோ ஊரெல்லாம் போனில் ஓடியது. நடிப்புக்கு விட்ட கொட்டாவிக்கெல்லாம் கைதட்டிய ஊர், நிஜக் கொட்டாவி ஒன்றைப் பொறுக்கவில்லை. ருத்ரேஷின் ரசிகர்கள் சாலிகிராமம் வந்து அவர் வீட்டுச் சுவரில் சாணி அடித்தார்கள். கையிலிருந்த இரண்டு படங்களிலிருந்தும் அவரைத் தூக்கினார்கள்.

மூன்றாம் நாள் ருத்ரேஷின் மேனேஜர் சைமன் போன் செய்தான்.

"ஐயா, நீலாங்கரை வீட்டுக்கு வந்துடுங்க. சின்னதா ஒரு மன்னிப்பு வீடியோ. எல்லாம் அடங்கிடும்."

"போகாதீங்க," என்றாள் மனைவி சந்திரமதி. "கொட்டாவிக்கு மன்னிப்பு கேட்டா, நாளைக்குத் தும்மினதுக்கு ஜெயில்ல போடுவானுங்க."

போனார்.

ருத்ரேஷ் மரியாதையாகத்தான் எழுந்து நின்றான். "தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. அன்னைக்குப் பேசினப்ப எனக்கே தூக்கம் வந்துச்சு. எழுதிக் குடுத்தவனை மாத்திட்டேன்."

"அப்ப மன்னிப்பு எதுக்கு தம்பி?"

"ஃபேன்ஸ் கேக்குறாங்களே."

சைமன் காட்சியை விளக்கினான். "நீங்க அண்ணன் கால்ல விழப் போறீங்க. அண்ணன் பதறிப்போய்த் தடுத்துக் கட்டிப்பிடிச்சுக்குவாரு."

"தடுக்கத்தான் போறாருன்னா நான் எதுக்கு விழணும்?"

"விழுந்தாத்தானே ஐயா தடுக்க முடியும்."

முதல் தடவை ருத்ரேஷ் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்ததில் பிடிக்கத் தவறினான். பெரியவரின் முட்டி பளிங்குத் தரையில் மோதியது. இரண்டாம் தடவை அவசரப்பட்டுப் பிடித்துவிட்டான். அவர் விழப்போனதே தெரியவில்லை. குஞ்சிதபாதத்துக்கு அவமானம் மறந்து தொழில் கோபம் வந்தது.

"தம்பி, என் கை உங்க முட்டிக்கு நேரா வரும்போது குனியுங்க. முதல்ல முகத்துல பதற்றம், அப்புறம்தான் கை. எங்கே, செஞ்சு காட்டுங்க."

எழுச்சி நாயகன் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி செய்து காட்டினான். மூன்றாம் தடவை அச்சாக அமைந்தது. இவர் கண்ணீரும் சேர்த்துக்கொண்டார்.

சாயங்காலத்துக்குள் ருத்ரேஷின் பெருந்தன்மையை நாடே கொண்டாடியது. சந்திரமதி அவர் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே வீடியோவைப் பார்த்தாள்.

"அந்தப் பையன் நல்லாத்தான் நடிச்சிருக்கான்."

"நான் சொல்லிக் குடுத்தது," என்றார், கொஞ்சம் பெருமையாகவே.

அவள் கை நின்றது. "இதை வெளியில சொல்லித் தொலையாதீங்க."

மறுவாரம் இரண்டு படங்களும் திரும்பி வந்தன. இரண்டிலும் அவருடைய காட்சியை மாற்றி எழுதியிருந்தார்கள்: கொட்டாவிக்குப் பதில் அவர் நாயகன் காலில் விழ வேண்டும். குஞ்சிதபாதம் மறுக்கவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

"தடுக்கிறது யாரு? ஒரு நாள் முன்னாடி அனுப்புங்க. ஒத்திகை பாக்கணும்."