நான்கு நிற நாற்காலிகள்

ஆவடி சேக்காட்டின் சரித்திரத்தில் பொன்னெழுத்துகளால் பொறிக்க வேண்டிய அறிவிப்பு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்குச் சங்க மண்டபத்து மைக்கில் வெளியானது: “ஆட்டிசம் என்ற குழப்பம் இன்றோடு ஒழிந்தது!”

ஒழித்தவர் குடியிருப்போர் நலச்சங்கத் தலைவர் உலகநாதன். அம்பத்தூர் எஸ்டேட்டில் சொந்தக் கம்பெனி வைத்திருப்பவர். வாட்ஸ்அப்பில் வந்த ஆட்டிசத்தின் நான்கு வகைகளை ஃப்ளெக்ஸில் அச்சடித்திருந்தார். நான்கையும் கூட்டினாலும் அதிலிருந்த அவர் முகத்தின் அளவு வரவில்லை. அத்தோடு விட்டாரா? வகைக்கொரு நிறமாகச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று பிளாஸ்டிக் நாற்காலிகளை வாடகைக்கு எடுத்து நான்கு வரிசையாகப் போட்டுவிட்டார். ஆட்டிசம் உள்ளவர்கள் அவரவர் வகையில் உட்கார வேண்டியதுதான்.

டில்லிபாபு மகள் நிஷாவோடு மண்டப வாசலிலேயே நின்றார். நிஷாவுக்குப் பத்தொன்பது வயது. ஆறு மாதமாகத் தினமும் காலையில் “நைனா, வேலை?” என்று கேட்கிறாள். உலகநாதன் தன் கம்பெனியில் ஒரு வேலை தருவதாகச் சொல்லியிருந்தார், பச்சை வரிசைக்காரர் என்றால் மட்டும். பச்சை என்றால் மேதைகளாம். மகள் என்ன நிறம் என்று டில்லிபாபுவுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் வளர்த்தும் இதைக் கேட்டு வைக்கவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

“இன்னா டில்லி, நின்னுகினே கீற? எந்த வகை?”

“நல்ல வகைதான் தலைவரே.”

“அப்ப பச்சை. ஆனா டெஸ்ட் கீது. யம்மா, நாப்பத்தேழு ஆகஸ்ட் பதினஞ்சு இன்னா கெழம, சொல்லு?”

“தெரியாது. உங்க கையில போன் கீதே, பாருங்க.”

கூட்டம் சிரித்தது. வேலை போச்சு என்று டில்லிபாபு முடிவு கட்டினார். நிஷா ஒரு பச்சை நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து தள்ளி, ஜன்னலோரம் போய் உட்கார்ந்தாள். “அங்க ஒரே சத்தம்.”

சிறப்பு விருந்தினர் திவ்யா டீச்சர் எழுந்து, முதல் வேலையாக மைக்கை அணைத்தார். “சார், இந்த நாலையும் ஒரே பேருக்குள்ள சேர்த்து பத்து வருஷத்துக்கு மேல ஆச்சு. ஒருத்தர் மணிக்கணக்கா பேசுவாங்க, மிக்ஸி சத்தம் தாங்காது. ஒருத்தர் பேசவே மாட்டாங்க, போன்ல டைப் பண்ணி நம்மள ஓட்டுவாங்க. எந்த வகைன்னு கேக்காதீங்க, என்ன ஒத்தாசை வேணும்னு கேளுங்க. அவங்களையே கேளுங்க.”

“அப்ப இந்தக் கலர் சேரெல்லாம்?”

“உக்காரலாம் சார்.”

மறு நிமிடம் வரிசை என்பதே இல்லை. சிவப்பு நீலத்தோடு போனது, மஞ்சள் வாசலுக்கே போனது. ஒரு சிறுமி சந்தோஷத்தில் கைகளை உதறினாள். பக்கத்தில் இருந்த அவள் அம்மாவும் உதறினாள்.

ஆயுளில் யாரிடமும் எதுவும் கேட்டறியாத உலகநாதன் ஜன்னலோரம் வந்து கனைத்தார். “உனுக்கு இன்னாம்மா ஒத்தாசை வேணும்?”

“சத்தமில்லாத இடம். செய்ய வேண்டியத வரிசையா எழுதி ஒட்டணும். சும்மா சும்மா மாத்தக் கூடாது.” நிஷா கொஞ்சம் யோசித்தாள். “இன்னா வேலை?”

மண்டபம் அவரைப் பார்த்தது. பெற்ற தகப்பன் உட்பட யாருக்கும் அதுவரை தோன்றாத கேள்வி.

உலகநாதன் குரலைத் தாழ்த்திச் சொன்னார். நிஷா தலையாட்டினாள். “திங்கக்கெழம வர்றேன்.” டில்லிபாபு விசிலடித்தார். சிறப்பு விருந்தினருக்கு வாங்கிய பொன்னாடையைத் திவ்யா நிஷாவுக்குப் போர்த்த, “குத்துது” என்று அவள் உடனே கழற்றிக் கொடுத்தாள். கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

வேலை, அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டுவது.